எழுதியவர் பெயர் தெரியவில்லை

டாக்கெட் ஓடை, கென்டக்கி
மார்ச் 19, 2023

அன்பு மகன் கார்லண்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். அலாஸ்காக் குளிரில் நீயும் நீ ஓட்டும் லாரியும் பத்திரமாக இருக்க வேண்டும் என்று தினமும் கடவுளிடம் கேட்டுக்கொள்கிறேன்.

உன் தபால் அட்டை வெள்ளிக்கிழமை வந்தது. அப்பாவின் அடக்கப் படத்தைப் பார்த்ததாகவும், நான் பாடும் இடத்தில் வாய் அசைகிறதே தவிரச் சத்தம் வரவில்லை என்றும், உன் போனில்தான் கோளாறோ என்றும் கேட்டிருந்தாய். உன் போனில் கோளாறு ஒன்றும் இல்லை. உலகத்தில் எந்தப் போனில் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். அது பெரிய கதை. முதலில் அடக்கம் எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன், அதைத்தான் நீ கேட்கவில்லை.

நல்லபடியாக நடந்தது. முந்தின நாள் மழை பெய்து குழி தோண்டக் கஷ்டப்பட்டார்கள். அப்பாவின் கூட்டாளி ஆர்வில் சைஸ்மோர் இந்த வயதில் மண்வெட்டியை யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்று நின்றான். "முப்பது வருஷம் நானும் ஹோபார்ட்டும் ஒண்ணா மண்ணுக்குள்ள போனவனுங்க, இந்த ஒரு தடவ நான் மேல நிக்கிறேன்" என்றான். நான்காம் எண் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களில் உயிரோடு இருக்கும் எல்லோரும் வந்தார்கள். கரித்தூசி நுரையீரலை அடைத்ததில் பாதிப் பேர் ஆக்சிஜன் உருளையை இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஜெர்லின் சித்தி கோழியும் மாவு உருண்டையும் போட்ட குழம்பும், எட்டு அடுக்கு ஆப்பிள் கேக்கும் கொண்டுவந்தாள். முன்வரிசையில் என் பக்கத்தில் உனக்கு ஒரு நாற்காலி விட்டிருந்தோம். கடைசி நிமிஷம் வரைக்கும் யாரும் அதில் உட்காரவில்லை. அப்புறம் ஆர்வில் தன் கிடார்ப் பெட்டியை அதன்மேல் வைத்தான்.

நம் பாட்டைப் பாட வேண்டும் என்று உன் அப்பா சொல்லியிருந்தார். பாதிரியார் வேண்டாமே என்று பார்த்தார். வேலைநிறுத்தப் பாட்டைக் கல்லறையில் பாடுவதா என்று அவருக்கு யோசனை. நான் பாடினேன். ஆர்வில் கிடார் வாசித்தான். பாட்டுக்கு முன்னால் கிடாரில் சுரம் சுரமாகக் கீழே இறங்கி வரும் அந்த இறங்குவரிசையை அப்படியே நீ வாசிப்பது போலவே வாசித்தான். இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோரும் அதை அப்படித்தான் வாசிக்கிறார்கள். நீ நம் சமையலறையில் உட்கார்ந்து கண்டுபிடித்த வரிசைதானே அது. உனக்காகத்தான் ஜெர்லின் தன் போனில் படம் எடுத்து, தேவாலயத்தின் இணையப் பக்கத்தில் போட்டாள்.

மறுநாள் காலையில் அவளே ஓடி வந்தாள். "ஓலீட்டாக்கா, உன் வாய அடைச்சுட்டானுங்க!" என்றாள். படத்தின் கீழே ஓர் அறிவிப்பு வந்திருந்தது: இந்தப் பாட்டு நாஷ்வில்லில் உள்ள ஒரு இசைக் கம்பெனிக்குச் சொந்தம், ஆகையால் ஒலி நீக்கப்பட்டது. யார் நீக்கியது என்று கேட்டேன். "ஆளு யாரும் இல்லக்கா. மெஷினு. காது குடுத்துக் கேக்குமாம். யாரு சொத்தையாவது யாரு வாயாவது பாடுச்சுன்னா புடிச்சுக்குமாம்" என்றாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் தேவாலயத்தின் பக்கத்தையே மூடிவிடுவார்களாம், அதனால் அவளுக்கு ஒரே நடுக்கம்.

யாருடைய சொத்து, கார்லண்ட்? உனக்கு நினைவிருக்காது, அப்போது உனக்கு நாலு வயது. எழுபத்து நாலாம் வருஷத்து வேலைநிறுத்தம். ஆண்கள் சுரங்க வாசலில் மறியலுக்கு நிற்கக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டதும் பெண்கள் நாங்கள் போய் நின்றோம். ஒரு நாள் காலை பாத்திரம் கழுவிக்கொண்டே உன் அப்பாவின் தலைவிளக்கையும் துடைத்தேன். வேலை இல்லாவிட்டாலும் அந்தப் பழக்கம் விடவில்லை. அப்போது வாயில் வந்ததுதான்:

விளக்கைத் துடைத்து வைத்தேன், போய்வா;
மூச்சைத் துடைத்துத் தருவது யார், சொல்லிவிட்டுப் போ.

மெட்டு என்னுடையதில்லை. அது பழைய துதிப்பாட்டின் மெட்டு, யார் போட்டது என்று என் அப்பாவுக்கே தெரியாது. வார்த்தை ஒவ்வொன்றும் என்னுடையது. அதே வாரம் வடக்கேயிருந்து ஏம்ஸ் என்று ஒரு பேராசிரியர் ஒலிப்பதிவுப் பெட்டியோடு வந்தார். நல்ல மனிதர். நம் மேஜையில் உட்கார்ந்து பீன்ஸும் சோளரொட்டியும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். பாட்டைப் பதிந்துகொண்டு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். நானே கட்டினேன் என்றேன். "அப்படித்தாம்மா எல்லாரும் நினைப்பாங்க. இதெல்லாம் நூறு வருஷமா வாய்வழியா வர்றது" என்று சிரித்தார். அந்த இசைத்தட்டு வெளிவந்தபோது உறையில், பழைய மலைநாட்டுப் பாடல், எழுதியவர் பெயர் தெரியவில்லை, பாடியவர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மனைவி என்று போட்டிருந்தது. ஒரு பாட்டை யாருடையதும் இல்லை என்று சொல்வது அதற்குப் பெரிய மரியாதை என்று அவர் நினைத்தார். எனக்குப் பெயர் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

போன வருஷம் அது டிவியில் வந்தது. பிக்கப் வண்டி விளம்பரம். ஒரு பெண் வண்டியின் விளக்கைத் துடைக்கிறாள், முதல் வரி மட்டும் வருகிறது, வண்டி மலையேறிப் போகிறது. மூச்சைப் பற்றிய வரியை எடுத்துவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து அணைக்கப் போனேன். உன் அப்பா ஆக்சிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு, "இருக்கட்டும்டி, கை வைக்காத" என்றார். அதன்பிறகு எப்போது வந்தாலும் மாற்ற விடமாட்டார். முழுக்கக் கேட்டு முடித்துவிட்டுத்தான் முகமூடியைப் போடுவார்.

ஊரில் ஏழைகளுக்கு இலவசமாக வழக்குப் பார்க்கும் ரெபெக்கா லோய் என்ற பெண் இருக்கிறாள். ஜெர்லின் என்னை அவளிடம் கூட்டிப்போகிறேன் என்கிறாள். போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கூரை ஒழுகுகிறது, மற்றபடி குறை இல்லை. நாய் இன்னும் உன் அப்பாவின் நாற்காலிக்கு அடியிலேயே படுக்கிறது.

பாதையில் பனி இருக்கும்போது வேகமாக ஓட்டாதே.

அன்புடன்,
அம்மா


டாக்கெட் ஓடை
மே 28, 2023

அன்பு கார்லண்ட்,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. வேலை அதிகம் இருக்கும். நான் சொன்னபடி அந்த வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று இத்தனை நாள் வைத்திருந்தேன். கை வலித்தாலும் பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

மிஸ் லோய் உன்னில் பாதி வயதுதான் இருப்பாள். ஆனால் காது கொடுத்துக் கேட்கிறாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஸ்டிடம் அம்மா, நீங்க கட்டின பாட்டு உங்களோடதுதான். அந்தப் பேராசிரியர் தெரியலைன்னு எழுதினா அது தெரியாமப் போயிடாது. உங்க அனுமதி இல்லாம இசைத்தட்டு போட்டதால உங்க உரிமை போகாது. நீங்க இருக்கிற வரைக்கும் உங்களுக்கு, அதுக்கப்புறம் எழுபது வருஷம் உங்க பிள்ளைக்கு" என்றாள். ஜெர்லின் என் தொடையைக் கிள்ளினாள். அந்த ஒரு நிமிஷம், கார்லண்ட், எனக்கு இருபது வயது குறைந்துபோனது.

அப்புறம் அவள், பாட்டை நீங்கள்தான் எழுதினீர்கள் என்பதற்குச் சாட்சி இருக்கிறதா என்று கேட்டாள். சாட்சியா! நான் பெருமையாகச் சொன்னேன். சங்க அலுவலகத்தில் கையால் சுற்றும் நகல் இயந்திரம் ஒன்று இருந்தது, அதில் பாட்டை அடித்து, தலைப்பில் என் பெயரையும் போட்டு, சுரங்க வாசலில் வருவோர் போவோருக்கெல்லாம் கொடுத்தோம், மூன்று மாவட்டங்களில் தேவாலயம் தேவாலயமாகக் கொடுத்தோம், எங்களை அடிக்க வந்த போலீஸ்காரனுக்குக்கூட ஒன்று கொடுத்தேன், ஆர்வில் வீட்டிலும் ஒன்று கிடக்கிறது என்றேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

அந்தக் காகிதத்தில் வட்டத்துக்குள் ஒரு சின்ன 'சி' எழுத்தும், வருஷமும் போட்டிருந்தீர்களா என்று கேட்டாள். அப்படியென்றால் என்னம்மா என்றேன். அவள் மெதுவாக விளக்கினாள். அந்தக் காலத்துச் சட்டப்படி, எழுதியவரே ஒன்றை அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்து, அந்தக் குறியைப் போடாமல் விட்டுவிட்டால், அன்றைக்கே அது பொதுச்சொத்து. இப்போது அப்படி இல்லையாம். இப்போது ஒரு குழந்தை தாளில் கிறுக்கினாலும் கிறுக்கிய அந்த நொடியே அது அதன் சொத்தாம், குறியும் வேண்டாம், பதிவும் வேண்டாம். ஆனால் அது பிற்பாடு வந்த சட்டம், எழுபத்து நாலுக்குச் செல்லாது. ஒரு குறியும் வருஷமும் அம்மா, அவ்வளவுதான், என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெர்லினுக்குக் கோபம் வந்துவிட்டது. "போலீஸ்காரன் தடியத் தூக்கிட்டு வர்றப்போ வட்டம் போட்டுக்கிட்டு இருக்கச் சொல்றியா நீ?" என்று அந்தப் பெண்ணிடம் கத்தினாள். பாவம், அவள் என்ன செய்வாள்.

ஆனால் நான் நினைத்த அளவுக்கு எனக்கு வருத்தம் இல்லை. எல்லோரும் பாடட்டும் என்றுதானே கொடுத்தோம். பொதுச்சொத்து என்றால் என்னவென்று கேட்டேன். யார் வேண்டுமானாலும் பாடலாம், அச்சடிக்கலாம், வண்டி விற்கவும் பயன்படுத்தலாம், யாரும் யாரையும் தடுக்க முடியாது என்றாள். அப்படியென்றால் என்னை மட்டும் எப்படித் தடுத்தார்கள் என்றேன். அதைத்தான் பார்க்கிறேன் என்று கணினியில் தேடினாள்.

இதற்குமேல் உனக்கே தெரியும், கார்லண்ட்.

வார்த்தையும் மெட்டும் பொது. ஆனால் பொதுவான பாட்டை எடுத்து ஒருவர் புதிதாக ஏதாவது சேர்த்தால், சேர்த்த அந்த அளவு மட்டும் அவருக்குச் சொந்தம். அந்தக் கம்பெனியிடம் இருப்பது ஒரு கிடார் அமைப்பு. முன்னால் வரும் இறங்குவரிசை, நடுவில் அது திரும்புகிற விதம், கடைசியில் அது நிற்கிற இடம். ஆர்வில் உன் அப்பாவின் குழிக்கரையில் வாசித்தானே, அது. "மெஷின் தப்பா புடிக்கலைம்மா. அந்தப் படத்துல கம்பெனியோடதுன்னு இருக்கறது அந்தக் கிடார் மட்டும்தான். ஆனா அது இருக்கே" என்றாள். பிறகு படித்தாள். பழைய பாடல், எழுதியவர் பெயர் தெரியவில்லை. இசை அமைப்பு, கார்லண்ட் ஸ்டிடம். தொண்ணூற்றொன்றில் தானே வாசித்துப் பதிந்து, உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது.

படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். உங்களுக்கு உறவா என்று கேட்டாள்.

இந்தப் பக்கத்தில் ஸ்டிடம்கள் நிறைய என்றேன்.

வண்டியில் திரும்பி வரும்போது ஜெர்லின் பாலத்தில் வேகத்தைக் குறைத்தாள். அப்புறம், "ஸ்டிடம்ங்க நிறையதான்க்கா. அந்த மாதிரி வெரலு இருக்கறவன் ஒருத்தன்தான்" என்றாள்.

நீ ஏன் விற்றாய் என்று நான் கேட்கவில்லை. உனக்கு இருபத்தோரு வயது, நாஷ்வில்லில் யார் வீட்டுத் தரையிலோ படுத்திருந்தாய், பசி இருந்திருக்கும். நீ சேர்த்தது உன்னுடையது, அதை விற்க உனக்கு உரிமை இருந்தது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. எழுதியது யார் என்று அவர்கள் கேட்டிருப்பார்கள் இல்லையா? அந்த இடத்தில் நீ என்ன சொன்னாய் என்றுதான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஏம்ஸுக்குத் தெரியவில்லை, நம்பவில்லை. உனக்குத் தெரியும். என் மடியில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தைப் படித்துத்தான் நீ எழுத்துக் கூட்டவே கற்றுக்கொண்டாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் அப்பா ஏன் அந்த விளம்பரத்தை மாற்ற விடவில்லை என்று கடைசி வாரத்தில் சொன்னார். "கேளுடி, அது கார்லண்டோட கை. இறங்கி வர்றப்போ சின்ன வெரலு கொஞ்சம் தடுக்கும் பாரு, கோடாலி பட்ட வெரலு" என்றார். முதல் நாளே அவருக்குத் தெரிந்துவிட்டது. நீ வரவில்லை, அதற்குப் பதிலாக டிவியில் உன் விரல் வந்தது. அதைக் கேட்கத்தான் முகமூடியைக் கழற்றி வைத்தார். உன்மேல் கோபமா என்று கேட்டேன். நல்லா வாசிக்கிறான் என்று மட்டும் சொன்னார்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். இசையோ எழுத்தோ, உரிமையை எழுதிக் கொடுத்தவருக்கு முப்பத்தைந்து வருஷம் கழித்து அதைத் திரும்பப் பெறும் உரிமை இருக்கிறதாம். சின்ன வயதில் விவரம் தெரியாமல் விற்றவர்களுக்காகவே அந்தச் சட்டத்தை வைத்தார்களாம். உனக்கு அது 2026-ல் வருகிறது; இரண்டு வருஷம் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், தாமதித்தால் போய்விடும். விற்றவர் மட்டுமே கொடுக்க முடியும். "அந்த ஆள் உயிரோட இருந்து, மனசும் இருந்தா முடியும்மா" என்றாள் மிஸ் லோய். நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

திரும்ப வாங்கு, கார்லண்ட். வாங்கி, யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று எழுதி விட்டுவிடு. அப்படி எழுதிக் கொடுக்க வழி இருக்கிறதாம், திறந்த உரிமம் என்கிறாள், காசும் ஆகாதாம். ஆர்வில் இப்போது அந்த வரிசையை வாசிப்பதே இல்லை. "உன் பையன் வெரலுக்கு வாடகை கட்ட என்னால ஆவாது ஓலீட்டா" என்று விளையாட்டாகச் சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஹென்ஸ்லி வீட்டுக் கிழவரின் அடக்கத்தில் வெறுமனே தந்தியைத் தட்டிக்கொண்டு நின்றான்.

இதை மட்டும் எனக்காகச் செய். வேறு எதுவும் நான் உன்னிடம் கேட்டதில்லை.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும்.

அம்மா


டாக்கெட் ஓடை
நவம்பர் 12, 2023

கார்லண்டுக்கு,

உன் அட்டை வந்தது. "அம்மா, இப்ப போய்ப் பாரு. சத்தம் கேக்கும்" என்று எழுதியிருந்தாய். பார்த்தேன். கேட்கிறது.

நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஆகஸ்டில் மிஸ் லோய் போன் செய்தாள். அந்தக் கார்லண்ட் ஸ்டிடம் உயிரோடு இருக்கிறார், கம்பெனிக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார், அரசாங்கப் பதிவில் ஏறியிருக்கிறது என்றாள். அப்போதுதான் அவளிடம், அது என் மகன் என்று சொன்னேன். அவள் போனிலேயே அழுதுவிட்டாள். நான் நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு ஜெர்லின் வீட்டுக்கு நடந்தே போனேன். ஆர்வில் வீட்டுக்கும் போனேன். தேவாலயத்தில் எழுந்து நின்று, என் மகன் பாட்டைத் திரும்ப வாங்கி எல்லோருக்கும் கொடுக்கப் போகிறான் என்று சாட்சி சொன்னேன். பாதிரியார்கூடக் கைதட்டினார். நீ பதில் எழுதாததற்குக்கூட நான் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன், முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்கிறாய் என்று.

அக்டோபரில் கம்பெனியிடமிருந்து ஜெர்லினுக்குக் கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். இசை அமைப்பாளர் திரு. ஸ்டிடம் அவர்களுடன் புதிய ஒப்பந்தம் மகிழ்ச்சியுடன் ஏற்பட்டிருப்பதால், அவருடைய தனிப்பட்ட வேண்டுகோளை ஏற்று, மேற்படி குடும்ப நிகழ்ச்சியின் ஒலியைத் திரும்ப அனுமதிக்கிறோம். எனக்குப் புரியவில்லை. திரும்ப வாங்கியவனுடன் என்ன ஒப்பந்தம்? மிஸ் லோயிடம் கொண்டுபோனேன். அவள் இரண்டு தடவை படித்தாள். "நோட்டீஸ் குடுத்த கையோட அவங்களுக்கே மறுபடி எழுதிக் குடுத்துட்டார்ம்மா. அதுக்கும் சட்டத்துல இடம் இருக்கு. நல்ல விலைக்குத்தான் இருக்கும். விளம்பரம் ஓடிக்கிட்டு இருக்கு இல்ல" என்றாள். நான் கேட்காமலேயே எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

ஜெர்லின்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாளே. "ஒரே மாட்ட ஒரே சந்தையில ரெண்டு தடவ வித்திருக்கான் உன் புள்ள. கெட்டிக்காரன்தான்க்கா. நீதான் அவனுக்கு ரெண்டாவது தடவ சந்தைக்கு வழி சொல்லிக் குடுத்த" என்றாள். சொல்லிவிட்டு அவளே தாங்க முடியாமல் என் தோளில் சாய்ந்து அழுதாள். பாவம், உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

நீ தீங்கு நினைத்துச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் எனக்குப் பெரிய வேதனை. நான் என் குரல் கேட்கவில்லை என்று வருத்தப்பட்டு எழுதினேன் என்று நினைத்தாய். குரலை வாங்கிக் கொடுத்துவிட்டாய். பேரம் பேசும்போது நடுவில் அம்மாவை மறக்காமல் ஒரு வரி சேர்த்திருக்கிறாய், அவர்களும் பெரிய மனதோடு சம்மதித்திருக்கிறார்கள்.

அந்தப் படத்தைத் திறந்தால் இப்போது நான் பாடுகிறேன். உன் அப்பாவின் பெட்டி இறங்குகிறது. கீழே ஒரு வரி ஓடுகிறது: பழைய பாடல், எழுதியவர் பெயர் தெரியவில்லை, உரிமையாளரின் அனுமதியுடன். என் முகத்துக்கு நேர் கீழே ஓடுகிறது.

தேவாலயப் பக்கத்திலிருந்து அதை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். ஜெர்லின் தன் போனில் இருந்ததையும் அழிக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அது உன்னிடம் இருக்கட்டும், அதில் ஹோபார்ட் இருக்கிறார் என்றேன்.

தேவாலயத்தில் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அது கேட்பதைவிட மோசம். ஆர்வில் மட்டும் வந்து, கூரையில் தகரம் மாற்றிக் கொடுத்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனான். நீ அனுப்பிய காசோலையைக் கூரைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாய். கூரை சரியாகிவிட்டது. காசோலை இதோடு வருகிறது. கோபத்தில் திருப்பி அனுப்புவதாக எடுத்துக்கொள்ளாதே. எனக்கு அது தேவைப்படவில்லை.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. கோடையில் நான் புதிதாக ஒரு பாட்டுக் கட்டினேன். உன் அப்பாவைப் பற்றி. இந்தத் தடவை மெட்டும் என்னுடையதே. ஐம்பது வருஷத்துக்கு அப்புறம் வாயில் வந்தது, எனக்கே ஆச்சரியம். மிஸ் லோயின் அலுவலகத்தில் உட்கார்ந்து பாடினேன், அவள் பதிவு செய்தாள். "முடிஞ்சதும்மா. இந்த நிமிஷத்துலேர்ந்து இது உங்க சொத்து. வட்டம் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று சிரித்தாள். நான் அவளை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். ஜெர்லின், "பூட்டிப் போடுக்கா. ஒருத்தனும் தொடக் கூடாது, உன் புள்ள உட்பட" என்றாள். ஒரு வாரம் யோசித்தேன். பூட்ட எனக்கு மனம் வரவில்லை. பூட்டிய பாட்டை யார் பாடுவார்கள்? நான் போன பிறகு ஹோபார்ட் ஸ்டிடம் என்று ஒருவர் மூச்சுத் திணறிச் செத்தார் என்று யார் சொல்வார்கள்? திறந்த உரிமத்தில் பல வகை இருக்கிறதாம். படித்துப் படித்துக் காட்டினாள். நான் இரண்டே நிபந்தனை போட்டேன். யார் வேண்டுமானாலும் பாடலாம், மாற்றலாம், விற்கவும் விற்கலாம். ஆனால் எழுதியது யார் என்று சொல்ல வேண்டும். அதில் யார் எதைச் சேர்த்தாலும், கிடார் வரிசையே சேர்த்தாலும், சேர்த்ததையும் இதே போல எல்லோருக்கும் திறந்தே விட வேண்டும், தனக்கென்று எடுத்துவைத்துப் பூட்டக் கூடாது. இதை ஒரு தடவை கொடுத்தால் திரும்ப எடுக்க முடியாது, நன்றாக யோசித்தீர்களா என்று கேட்டாள். நன்றாக யோசித்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டேன்.

ஆர்வில் அதை இப்போது பழகுகிறான். விரல்கள் ஒத்துழைக்கவில்லை, அதற்கு நீ இருந்திருக்க வேண்டும் என்று அவனே ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டான்.

நீயும் இதைப் பாடலாம், கார்லண்ட். வாசிக்கலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, என்னிடமும் கேட்க வேண்டாம். எல்லோருக்கும் போட்ட அதே நிபந்தனைதான் உனக்கும், மகன் என்று தனியாக எதுவும் எழுதவில்லை. அங்கே எங்காவது நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வாசிக்க நேர்ந்தால், ஆரம்பிப்பதற்கு முன் எழுதியது யார் என்று மட்டும் சொல்லிவிடு. அம்மா என்று சொல்ல வேண்டாம். பெயரைச் சொன்னால் போதும்.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கைக்கும் விரலுக்கும் ஒரு குறையும் வரக் கூடாது.

ஓலீட்டா ஸ்டிடம்